இடப்பக்க ஜன்னல்

எழுபதுகளின் நடுவில் ஒரு தடவை, என் கணவரை அவருடைய தேனாம்பேட்டை ஆபீஸ் பெங்களூருக்கு விமானத்தில் அனுப்பியது. நானும் வருவேன் என்று அடம்பிடித்து எனக்கும் ஒரு டிக்கெட் வாங்க வைத்தேன். இரண்டு பேருக்குமே அதுதான் முதல் விமானப் பயணம். ஏறியதும் இறங்கிவிடுகிற தூரம். அதற்குள் நாங்கள் குடியிருந்த மயிலாப்பூரை மேலேயிருந்து பார்த்துவிட வேண்டும் என்பது என் ஆசை.

கிளம்புவதற்கு முந்தைய வாரம், தினமும் சாயங்காலம் அவரை அடையாறு கடற்கரைக்கு இழுத்துக்கொண்டு போனேன். காற்று வாங்கத்தான் கூப்பிடுகிறேன் என்று அவர் நினைத்தார். நான் அண்ணாந்து விமானங்களைக் கவனித்தேன். மீனம்பாக்கத்திலிருந்து எழும்பி வந்தவை கடலுக்கு மேலே போனதும் இடப்பக்கம் சாய்ந்து திரும்பின. அப்படியென்றால் ஊர் இடப்பக்க ஜன்னலில்தான் தெரியும். நடுவில் உட்கார்ந்தால் இறக்கை மறைக்கும் என்பதும் மணலில் நின்றே புரிந்துவிட்டது.

விமான நிலையத்தில் அவர் பெட்டியை எடை போடப் போன நேரம் பார்த்து, இருக்கை எண் கொடுப்பவரிடம் நான் பேசினேன். இடது பக்கம், வால் கிட்டே, ஜன்னலோரம் வேண்டும் என்றேன். அடிக்கடி போவீர்களா என்று அவர் மரியாதையாகக் கேட்டார். ஆமாம் என்றேன்.

ஆனால் ஏறியதும் என் கணவர் ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டார். ஆபீஸே அனுப்புகிற ஆள் அல்லவா! நான் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டேன்.

"திருப்பதி பஸ்ல எனக்கு என்ன ஆச்சுன்னு ஞாபகம் இருக்கா?"

மலையேறும்போது எனக்குக் குமட்டி, அவருடைய புது வேட்டி பாழானதை அவர் எப்படி மறப்பார்? இப்போது போட்டிருந்ததோ ஆபீஸுக்கென்று தைத்த கோட்டு.

"நீ இந்தப் பக்கம் வந்துடு" என்று சட்டென எழுந்தார்.

நான் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்ட பிறகு, எட்டி ஜன்னல் விளிம்பைத் தடவிப் பார்த்தார்.

"இது திறக்காதா?"

"பிளேன் ஜன்னல் எப்படிங்க திறக்கும்?"

அவர் பதில் சொல்வதற்குள் பணிப்பெண் பெப்பர்மின்ட்டும் காதில் வைக்கப் பஞ்சும் கொண்டுவந்து நீட்டினாள்.

விமானம் கடலுக்கு மேலே போய் இடப்பக்கம் சாய்ந்தது. அடையாற்றின் முகத்துவாரம், சாந்தோம் மாதா கோயிலின் வெள்ளைக் கோபுரம், அதற்கு அப்பால் கைக்குட்டை அளவுக்குத் தெப்பக்குளம். எங்கள் தெருவைக் கண்டுபிடிப்பதற்குள் என் கணவர் என் தோள்மேல் முழுசாகச் சாய்ந்து எட்டிப் பார்த்தார். எதிர் வரிசைப் பெரியவர் புதுசாகக் கல்யாணமானவர்கள் என்று எண்ணியிருப்பார் போல, கூச்சத்தோடு முகத்தைத் திருப்பிக்கொண்டார். எங்களுக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம்.

திரும்பி வரும்போது ஜன்னலோரம் அவருக்கு என்று பெங்களூரிலேயே தீர்ப்பாகிவிட்டது. அன்றைக்கு வழி முழுக்க மேகம், பஞ்சுப் பொதிக்குள் போவது மாதிரி. அவர் கண்ணாடியிலிருந்து மூக்கை எடுக்கவே இல்லை.

"அதோ வேலூர்க் கோட்டை" என்றார்.

"அகழி தெரியுதா?"

"தண்ணிகூடத் தெரியுது."




நான் எட்டிப் பார்க்கவில்லை. அவர் காஞ்சிபுரம் வரைக்கும் ஒவ்வொரு ஊராகக் காட்டிக்கொண்டே வந்தார்.