செமினாரில் நான் தூக்கிய கை

இது நடந்து எட்டு வருஷம் இருக்கும். அப்போது திருச்சியில் ஒரு கல்லூரியில் எம்.எஸ்ஸி. கணிதம் முதல் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். வீடு ஸ்ரீரங்கம். காட்டூரிலிருந்து வரும் ஒரு பெண்தான் எனக்கு நெருங்கிய தோழி. ஒரே பெஞ்சில் உட்காருவோம், மதியச் சாப்பாட்டைப் பங்கு போட்டுக்கொள்வோம்.

அந்த செமஸ்டரில் எங்களைப் பாடாய்ப் படுத்திய பேப்பர் மெஷர் தியரி. நீளம் என்றால் என்ன, பரப்பு என்றால் என்ன என்று அடியிலிருந்து ஆரம்பித்து, சின்ன வயசிலிருந்து தெரியும் என்று நினைத்ததெல்லாம் நிஜத்தில் தெரியாது என்று நம்மையே ஒப்புக்கொள்ள வைக்கும் பாடம். நான் அதைச் சமாளித்த விதம் ரொம்ப சுலபம். சார் கொடுத்த நோட்ஸை ஒரு கமா பிசகாமல் நெட்டுரு போட்டுவிடுவேன். புரிந்ததா என்று என்னை நானே கேட்டுக்கொண்டதில்லை, கேட்டால்தானே வம்பு? டெஸ்டில் முதல் மார்க் எனக்குத்தான். அவளுக்கு நெட்டுரு வராது. "இந்த வரி ஏன்டி இப்படி வருது?" என்று ஒரே இடத்தில் அரை நாள் நிற்பாள். அதனால் மார்க்கும் குறையும்.

கோடை விடுமுறையில் சென்னையில் ஒரு மாதம் கணிதப் பயிற்சி முகாம் இருந்தது. எங்கள் துறையிலிருந்து ஒருவருக்குத்தான் சிபாரிசுக் கடிதம். ஆளுக்கொரு தேற்றத்தை வகுப்பில் நிரூபித்துக் காட்டும் செமினாரைப் பார்த்துவிட்டு முடிவு செய்வதாக சார் சொல்லிவிட்டார். எனக்கு அது ஒரு பெருமை, அவ்வளவுதான். அவளுக்கு அப்படி இல்லை. அவள் அப்பா ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தார். வீட்டில் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். "முகாமுக்கு செலக்ட் ஆனா பி.எச்டி. வரைக்கும் படின்னு அப்பா சொல்லியிருக்காருடி. இல்லைன்னா எம்.எஸ்ஸி.யோட முடிச்சுக்கணும்" என்று என்னிடம்தான் சொன்னாள்.

ஒரு வெள்ளிக்கிழமை அவளுடைய செமினார். அடுத்தது என்னுடையது. அவள் கரும்பலகையில் எழுத ஆரம்பித்தபோது நான் மடியில் நோட்டை வைத்துக்கொண்டு என் தேற்றத்தை மனசுக்குள் ஒப்பித்துக்கொண்டிருந்தேன். சாரும் வருகைப் பதிவேட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். பலகை சின்னது. அவள் பாதியை அழித்துவிட்டு மேலே தொடர்ந்தாள். நான் நிமிர்ந்து பார்த்தபோது பெரிய தேற்றத்தை நிரூபிக்க ஒரு துணைத் தேற்றத்தை, அதாவது லெமாவை, பயன்படுத்திக்கொண்டிருந்தாள்.

எங்கள் நோட்ஸில் வரிசை வேறு. பெரிய தேற்றம் முதலில் வரும். துணைத் தேற்றம் அதிலிருந்துதான் பிறக்கும். நான் சட்டென்று கையைத் தூக்கினேன். "சார், அந்த லெமாவே இந்தத் தியரத்துல இருந்துதான் வருது. இதை வச்சு அதை, அதை வச்சு இதைன்னு சுத்திச் சுத்தி வருது சார்."

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். "இல்லைங்க சார், லெமாவை முதல்லயே தனியா ப்ரூவ் பண்ணிட்டேன். இடம் இல்லைன்னு அழிச்சேன்."

"அழிச்சதை நான் எங்கம்மா போய்ப் பாக்குறது? நோட்ஸ்ல இருக்கறபடி போடுறதுக்கு என்ன? போய் உக்காருங்க" என்றார் சார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அதை இப்போது எழுதவே கூசுகிறது. அடுத்து நான் போய் என் தேற்றத்தை நோட்ஸில் இருந்தபடியே ஒப்பித்துவிட்டு வந்தேன்.

அன்று மாலை பஸ் ஸ்டாப்பில் அவள் தன் நோட்டை என் கையில் கொடுத்தாள். "நீயே பாருடி. தப்புன்னா எங்கேன்னு சொல்லு." அழவில்லை, கோபப்படவும் இல்லை.

வீட்டுக்கு வந்து வரிவரியாகப் பார்த்தேன். அந்தத் துணைத் தேற்றத்தை அவள் வேறொரு வழியில், யாருடைய தயவும் இல்லாமல் நிரூபித்திருந்தாள். ஓட்டை எங்கேயாவது இருக்காதா என்று இரண்டு தடவை தேடினேன். இல்லை. அதைவிடப் பெரிய அவமானம், நான் மாதக்கணக்கில் ஒப்பித்துக்கொண்டிருந்த பாடம் அவள் கையெழுத்தில்தான் முதல் முறையாக எனக்குப் புரிந்தது.

திங்கட்கிழமை சாரிடம் சொல்லிவிடலாம் என்றுதான் போனேன், சத்தியமாக. ஆனால் அவரே என்னைக் கூப்பிட்டு, "கடிதத்துல உன் பேரைத்தான் எழுதியிருக்கேன்" என்றார். வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டு, "தேங்க்ஸ் சார்" என்றேன். வெளியே வந்ததும் நோட்டை அவளிடம் திருப்பிக் கொடுத்தேன். "பார்த்தியா?" என்று கேட்டாள்.

"எங்கடி, நேரமே கிடைக்கலை."

நான் முகாமுக்குப் போனேன். அங்கே கிடைத்த பழக்கத்தில் பி.எச்டி., அதன் பிறகு கல்லூரி வேலை. அவள் இரண்டாம் வருஷம் முழுவதும் யாரையும் 'ஏன்' என்று கேட்கவில்லை. நோட்ஸை நெட்டுரு போட்டுப் பாஸ் செய்தாள். படிப்பு முடிந்த ஆவணியில் கல்யாணம். நான் போகவில்லை. பி.எச்டி. நுழைவுப் பரீட்சை இருக்கிறது என்று அதற்கும் ஒரு பொய்.

போன வருஷம் மலைக்கோட்டை கடைவீதியில் ஒரு துணிக்கடையில் அவளைப் பார்த்தேன். பெண் குழந்தைக்கு ஸ்கூல் யூனிஃபார்ம் அளவு பார்த்துக்கொண்டிருந்தாள். நலம் விசாரித்து முடிப்பதற்குள் விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டேன். "அன்னைக்கு உன் ப்ரூஃப் சரிதான்டி. எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றேன்.

அவள் சட்டையை மடித்தபடியே சொன்னாள். "தெரியும். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துல பென்சில்ல டிக் போட்டிருந்தியே. கடைசி வரியில கூட ஒண்ணு இருந்துச்சு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டிக் போட்டதே எனக்கு ஞாபகம் இல்லை. சரிபார்க்கும்போது கை தன்பாட்டுக்குப் போட்டிருக்கிறது.

"அப்புறம் ஏன்டி என்னைக் கேட்கலை?"

"நீயா சொல்லுவேன்னு ஒரு வாரம் பார்த்தேன். கேட்டு, நீ இல்லைன்னு சொல்லிட்டேன்னா? அதைத் தாங்க முடியாதுன்னு விட்டுட்டேன். சரியா இருக்குன்னு நமக்குத் தெரிஞ்சா போதும்னு அப்ப தோணுச்சு." மடித்த சட்டையைக் கவுண்டரில் வைத்துவிட்டு, "போதலை" என்றாள்.

குழந்தை அவள் கையைப் பிடித்து இழுத்தது. "போயிட்டு வரேன்டி" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தில் இறங்கிவிட்டாள். வீட்டுக்கு வா என்று அவளும் சொல்லவில்லை, போன் நம்பர் கேட்க எனக்கும் முகம் இல்லை.

செமினாரில் கையைத் தூக்கியது அறியாமையில் செய்த தப்பு, அதை யாரும் மன்னிப்பார்கள். ஆனால் திங்கட்கிழமை காலை ஒரே ஒரு வாக்கியத்தை நான் சொல்லியிருந்தால் இன்று அந்தப் பாடத்தை நடத்திக்கொண்டிருப்பது அவளாக இருந்திருக்கலாம் என்ற நினைப்பு, ஒவ்வொரு முறை வகுப்புக்குள் நுழையும்போதும் எனக்கு முன்னால் போய் நிற்கிறது.