ஷரஃபுதீன் தேடிய ஸ்போக்ஸ் கம்பிகள்

1996ஆம் ஆண்டு, ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில்தான் ஷரஃபுதீனை முதன்முதலாகச் சந்தித்தேன். மயிலாப்பூர் கச்சேரி சாலையில் வழுக்கி விழுந்ததில் என் மூக்குக்கண்ணாடியின் லென்ஸ் ஒன்று உடைந்துவிட்டது. என்னிடம் படித்த மாணவி தஹ்சீனின் தந்தை ஹபீபுர் ரஹ்மானும் அவருடைய தம்பி ஷரஃபுதீனும் அங்கே கண்ணாடிக் கடை நடத்திவந்தார்கள். தம்பி குனிந்தபடி புதிய லென்ஸைத் தேய்த்து பிரேமில் பொருத்தினார். அண்ணன் அதை வாங்கி, விளக்கின் எதிரே பிடித்துப் பார்த்தார்.

“மையம் தள்ளிக்கினு கீது. கழட்டு.”

தம்பி மறுபேச்சின்றிக் கழற்றினார். இரண்டாம் முறையும் அதே தீர்ப்புதான். நான் அணிந்து பார்த்து, எனக்குக் குறையொன்றும் தெரியவில்லை என்றேன்.

“இப்போ தெரியாது டீச்சரம்மா. நாளைக்குத் தலைவலியா வந்து நிக்கும்,” என்று ஹபீபுர் ரஹ்மான் சிரித்தார். மூன்றாம் முறை தலையசைத்தார். ஷரஃபுதீனின் முகம் அப்போதுதான் தெளிந்தது. ஐம்பதை நெருங்கியிருந்த ஒருவர், அண்ணனின் தலையசைப்புக்கு அப்படிக் காத்திருந்ததை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அண்ணனிடம் கருஞ்சிவப்பு நிறத்தில் ஒரு பழைய ஜாவா மோட்டார் சைக்கிள் இருந்தது. பெருநாள் தொழுகை முடிந்ததும் இருவரும் அதில் பெசன்ட் நகர்க் கடற்கரைவரை சென்று திரும்புவார்கள். அண்ணன்தான் ஓட்டுவார். ஷரஃபுதீனுக்கும் ஓட்டத் தெரியும். ஆயினும் அண்ணன் இருக்கும்போது அவர் முன் இருக்கையில் அமர்ந்ததே இல்லை.

பின்னர் ஹபீபுர் ரஹ்மான் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, வேளச்சேரியில் மகள் தஹ்சீனின் வீட்டுக்குக் குடிபெயர்ந்தார். 2015ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தில் அந்த வண்டி கைப்பிடிவரை மூழ்கியது. அதன் பிறகு யாரும் அதைத் தொடவில்லை. சில ஆண்டுகளில் அவருடைய சிறுநீரகங்களும் செயலிழந்தன. டயாலிசிஸ் செய்துகொண்டே நாள்களைக் கடத்தினார். 2022ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு நாள் தம்பியை அழைத்துச் சொன்னார்:

“வண்டியை எடுத்துக்கினு போய் ரெடி பண்ணுடா. ரம்ஜான் அன்னிக்கு நீ ஓட்டு, நான் பின்னால உக்காந்துக்கினு வரேன். ஒரே ஒரு தபா, பீச் வரைக்கும்.”

மெதுவாகப் போய் வருவதானால் தடையில்லை என்று மருத்துவரும் தஹ்சீனிடம் சொல்லியிருந்தார்.

மந்தைவெளியில் பட்டறை வைத்திருந்த செம்பியன் என்ற மெக்கானிக் அந்தப் பணியை ஏற்றார். மாசி மாதத்துக்குள் எஞ்சின் உறுமியது, பெயின்ட் மின்னியது. சக்கரங்கள் மட்டுமே எஞ்சியிருந்தன. அவற்றின் ஸ்போக்ஸ் கம்பிகளை வெள்ளநீரும் துருவும் தின்றுவிட்டிருந்தன. ஜாவாவின் சக்கரம் சிறியது. அதற்கேற்ற குட்டைக் கம்பிகள் கடைகளில் இல்லை. அதே நிறுவனத்தின் பிற்காலத்து எஸ்டி வண்டியின் நீண்ட கம்பிகளே கிடைத்தன.

“அதை வெட்டி மரை போட்டா வேலை முடிஞ்சுது பாய்,” என்றார் செம்பியன். “எத்தினி வண்டிக்குப் போட்டுக் குடுத்துக்கீறேன். ஒண்ணும் கழண்டு ஓடல.”

“தலைப்பு வளைவு வேற மாதிரி கீதுப்பா. பாய்ஜான் கண்ணு நேரா அங்கதான் போவும்.”

“உங்க அண்ணன் வண்டில ஏற வர்றாரா, பரீட்சை வெக்க வர்றாரா?”

ஷரஃபுதீன் துருப்பிடித்த பழைய கம்பி ஒன்றைக் கண்ணாடி துடைக்கும் துணியில் சுற்றிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டார். ஜெனரல் பாட்டர்ஸ் சாலையில் கடை கடையாக ஏறி இறங்கினார். புதுப்பேட்டையில் பிரித்துப்போட்ட வண்டிகளின் குவியல்களுக்கிடையே அலைந்தார். எவரேனும் ஒரு கம்பியை எடுத்து நீட்டினால், தம் கம்பியை அதன் அருகில் வைத்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பார்; பிறகு உதட்டைப் பிதுக்குவார். கடையை நோன்புக் காலத்தில் பாதி நாள் பூட்டியே வைத்திருந்தார்.

அவருடைய மனைவி அஸ்மத்துன்னிசா என்னிடமே குறைப்பட்டுக்கொண்டார்: “கம்பி தேடுற நேரத்துல ஒரு பஸ் ஏறினா, அண்ணன் மொகத்தைப் பார்த்துட்டு வந்துடலாம். நீங்களாவது சொல்லுங்க டீச்சரம்மா.”

நான் சொன்னேன். “அசல் கம்பியோட போய் நின்னா அவரே வாயடைச்சுப் போயிடுவாரு, பாருங்களேன்,” என்று சிறு பிள்ளையைப்போல மகிழ்ந்தாரே தவிர, நான் சொன்னது அவருக்குள் இறங்கவில்லை.

கடைசியில் தியாகராய நகரில் ஆனந்தகுமார் என்பவரைப் பற்றி அறிந்தார். அவர் பழைய வண்டிகளை வாங்கி, வீட்டுக்கூடத்தில் வரிசையாக நிறுத்தி வைத்திருப்பவர். “ஓட்டுறதுக்கில்லீங்க, பார்க்கிறதுக்கு,” என்றாராம். மைசூரில் தம் நண்பரிடம் அசல் கம்பிகள் இருப்பதாகவும், ரம்ஜான் கழிந்ததும் வரவழைத்துத் தருவதாகவும் அவர் உறுதி கூறினார். பெருநாளுக்கு இன்னும் ஒரு வாரமே இருந்தது. எஸ்டி கம்பிகளைப் பொருத்த அது போதுமான அவகாசம். ஷரஃபுதீன் மைசூர்க் கம்பிகளுக்காகக் காத்திருக்க முடிவு செய்தார்.

தஹ்சீன் ஆண்டுதோறும் என்னை ஷீர் குர்மா பாயசத்துக்கு அழைப்பாள். அந்த 2023ஆம் ஆண்டு ரம்ஜானன்று ஷரஃபுதீனும் நானும் ஒரே ஆட்டோவில் சென்றோம். தம்பி அண்ணன் வீட்டுக்குப் போய் சலாம் சொல்வது அந்தக் குடும்பத்தில் தவறாத வழக்கம்.

ஹபீபுர் ரஹ்மான் மாடியில் இல்லை. கார்கள் நிற்கும் கீழ்த்தளத்தில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்தார். வெள்ளை ஜிப்பா அணிந்திருந்தார், அத்தர் மணந்தது. வீங்கிய கால்களில் ஷூ மாட்டி, கயிறுகளை இறுக்கிக் கட்டியிருந்தார். வாசலில் எந்த வண்டியின் ஒலி கேட்டாலும் தாத்தா எழுந்து எழுந்து பார்த்ததாகக் காவலாளி சொன்னார்.

“இன்னாடா ஷரஃபு, மூணு சக்கரத்துல வந்துக்கீற? நான் ரெண்டு சக்கரந்தானே கேட்டேன்?”

“கம்பி வரல பாய்ஜான். மைசூர்லேர்ந்து வருது. பக்ரீத்துக்குக் கண்டிப்பா.”

“ஏன், எஸ்டி கம்பி கிடைக்கலியா?”

“கிடைக்குது. அதைப் போட்டா, பார்த்த உடனே நீங்க குத்தம் சொல்லுவீங்க.”

“சொல்லத்தான் சொல்லுவேன்,” என்றார் ஹபீபுர் ரஹ்மான். “சொல்லிட்டு ஏறி உக்காந்திருப்பேன்டா.”

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு மகளை நோக்கி, “ஷூவைக் கழட்டிடும்மா, கால் வலிக்குது,” என்றார். தஹ்சீன் குனிவதற்குள் ஷரஃபுதீன் தரையில் அமர்ந்து அந்தக் கயிறுகளை அவிழ்க்கத் தொடங்கினார். முடிச்சு இறுகியிருந்ததால் நெடுநேரமாயிற்று.

மைசூர்க் கம்பிகள் வைகாசியில் வந்தன. செம்பியன் சக்கரங்களைக் கோத்து, பெண்டு எடுத்து, சுற்றிவிட்டுக் காட்டினார். இம்மியும் ஆட்டமில்லை. அப்போது ஹபீபுர் ரஹ்மான் மருத்துவமனையில் இருந்தார், உட்காரவும் இயலவில்லை. ஷரஃபுதீன் சக்கரத்தின் படத்தைக் கைப்பேசியில் எடுத்துச் சென்று காட்டியிருக்கிறார். அண்ணன் கண்களைத் திறந்து பார்த்தார் என்றும், பார்த்ததாகத் தோன்றவில்லை என்றும் இரு விதமாக என்னிடம் சொன்னார். பக்ரீத்துக்கு ஒரு வாரம் முன்பு அண்ணன் இறந்துபோனார்.

வண்டி கடை வாசலில் நின்றது. கச்சேரி சாலையில் போகிற இளைஞர்கள் நின்று படம் எடுப்பார்கள். “ஒரிஜினல் ஸ்போக்ஸா பாய்? எங்க புடிச்சீங்க?” என்று வியப்பார்கள். ஷரஃபுதீன் கண்ணாடி துடைப்பதுபோலத் தலை குனிந்துகொள்வார். ஒரு நாளும் அதை ஓட்டவில்லை. எஞ்சின் கெட்டுவிடக்கூடாதென்று செம்பியன்தான் அவ்வப்போது வந்து உதைத்துவிட்டுப் போவார். ஆனந்தகுமார் ஆள் அனுப்பி விலை கேட்டார். ஷரஃபுதீன் பேச்சைத் தொடரவில்லை.

அடுத்த மார்கழியில் ஷரஃபுதீனுக்கு மாரடைப்பு வந்தது. இராயப்பேட்டை மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். நான் போனபோது அஸ்மத்துன்னிசா அவருடைய தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் ஷரஃபுதீன், அருகில் வரும்படி விரலசைத்தார். மூச்சு வாங்கியதால் விட்டுவிட்டுப் பேசினார்.

“செம்பியன்கிட்ட சொல்லுங்க டீச்சரம்மா. வண்டியை, ஓட்டறவன் யாராவது கேட்டா குடுத்துடட்டும். கூடத்துல நிறுத்தி வெக்கிறவனுக்கு வேணாம். கம்பி ஒடைஞ்சா, தேடிக்கினு அலைய வேணாம்னு அவன்கிட்ட சொல்லச் சொல்லுங்க. கிடைச்ச கம்பியைப் போட்டுக்கினு போவட்டும்.”