நாய்க்கென்று தைத்த விரிப்பு

குருசாமி அண்ணாச்சி போய்விட்டார் என்ற செய்தி எனக்கு உரக்கடை போனில் வந்தது. நான் இப்போது வ. புதுப்பட்டியில், மனைவியின் ஊரில் இருக்கிறேன். எங்கள் தெருவுக்கே அந்தக் கடையில்தான் போன். ராஜபாளையத்திலிருந்து அண்ணாச்சியின் பக்கத்து வீட்டுக்காரர் பேசினார். "காலையில பால்காரன் கதவத் தட்டியிருக்கான், தொறக்கல. உள்ள போயிப் பாத்தா தூங்குன மேனிக்கே போயிட்டாரு" என்றார். "மகளுக்கு யாரு சொல்றது?" என்று கேட்டார். அது என் வேலைதான் என்பது இருவருக்கும் தெரியும்.

இந்த இரங்கல் கூட்டத்தில், அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அவரை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பேண்டேஜ் துணிக் கம்பெனியில் அவருக்குச் சிப்பம் தைக்கிற வேலை. துணிக்கட்டைச் சாக்கில் பொதிந்து கோணி ஊசியால் அவர் தைத்து முடிப்பார். நான் அதன்மேல் ஊர் பெயர் எழுதுவேன். இப்படியே பதினெட்டு வருஷம். அவருடைய தையலுக்கு ஒரு கணக்கு உண்டு. ஏழு ஓட்டம் நேராகப் போவார், எட்டாவது ஊசியைத் திருப்பி ஒருமுறை பின்னால் குத்தி இறுக்குவார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "ஒரு எடத்துல அறுந்தா மொத்தமும் ஓடிறக் கூடாதுல்லலே" என்றார்.

மனைவி இறந்தபோது மகள் சாந்தி ஆறாம் வகுப்பில் இருந்தாள். தலை பின்னுவது முதல் சட்டைக்குப் பொத்தான் வைப்பது வரை அவரே செய்து வளர்த்தார். அந்த சாந்தி, ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரனான பஸ் மெக்கானிக் ஸ்டீபனை ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொண்டு வந்து நின்றாள். அண்ணாச்சி தெருவில் நாலு பேர் பார்க்க, "இனி என் வாசப்படிய மிதிக்கப்பிடாது" என்று சொல்லிவிட்டார். சொன்னது தப்பு என்று அன்று சாயங்காலமே அவருக்குத் தெரியும். ஆனால் சொல்லைத் திரும்ப வாங்குகிற பழக்கம் அவருக்கு இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் எட்டாத தூரமா? அரை மணி நேரப் பயணம். மதுரைக்குப் போகும்போது அங்கே பஸ் நிற்கிற பத்து நிமிஷமும் கண்ணை இறுக மூடிக்கொண்டிருப்பார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். தூங்குகிறவர் முகம் அப்படி இருக்காது.

அவள் போன பிறகுதான் நாய் வந்தது. நம் ஊர் வெள்ளை நாய், ரோஸ் நிற மூக்கு, பெட்டை. பிறவியிலேயே காது கேட்காது. சுத்த வெள்ளையாகப் பிறக்கிற குட்டிகளில் சிலதுக்கு அப்படி ஆகும், விலை போகாது. வேண்டாம் என்று ஒதுக்கியதை இவர் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். கூப்பிட வேண்டுமென்றால் குதிகாலால் தரையைத் தட்டுவார், அது எழுந்து வந்துவிடும். பெயர் ஏதும் வைக்கவில்லை. "ஏட்டி" என்றுதான் சொல்வார். "ஏட்டி, சோறு தின்னியா?" "ஏட்டி, வெயில்ல கெடக்காத." சாந்தியையும் அப்படித்தான் கூப்பிடுவார். கேட்காத நாயிடம் என்ன பேச்சு என்று நான் கேலி செய்தேன். "அது கேக்காட்டி என்னலே, எனக்குச் சொல்லணும்ல" என்றார். அதற்குமேல் நான் கேலி செய்யவில்லை.

ஒருநாள் கம்பெனி வேலையாக ஸ்ரீவில்லிபுத்தூர் போனபோது சாந்தியைக் கடைத்தெருவில் பார்த்தேன். ஏழாம் மாதம். அண்ணாச்சியிடம் வந்து சொன்னேன். ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தவர், "சரி" என்றார். அவ்வளவுதான்.

மறு வாரம் அவர் வீட்டுக்குப் போனால், தன் பழைய வேட்டிகளை வெந்நீரில் அலசிக் காயப் போட்டிருக்கிறார். கம்பெனியில் கழித்துப்போட்ட பேண்டேஜ் துணியைக் கேட்டு வாங்கி ஆறு மடிப்பாக மடித்து வைத்திருக்கிறார். கீழே ஒரு வேட்டித் துண்டு, நடுவில் அந்த ஆறு மடிப்பு, மேலே இன்னொரு வேட்டித் துண்டு. விரல் கனத்துக்கு ஒரு வரிசையாக வெள்ளை நூலில் தைத்துக்கொண்டிருந்தார். கோணி ஊசி பிடித்துக் காய்ப்பேறிய கையில் அந்தச் சின்ன ஊசி நிற்கவே இல்லை. என்னது என்றேன். "நாய்க்கு" என்றார்.

தெரு முழுக்கச் சிரித்தது. "நாயக் குளுப்பாட்டி நடுவீட்ல வச்ச கதையால்ல இருக்கு" என்றார்கள். நாயும் அதை நம்பிவிட்டது. அவர் தைக்கத் தைக்க ஒரு ஓரமாக ஏறிப் படுத்துக்கொள்ளும். அதை எழுப்ப மாட்டார். அது படுத்திருக்கிற இடத்தை விட்டுவிட்டு மறுபக்கம் தைப்பார், அது புரண்டால் இந்தப் பக்கம் வருவார். ஷிப்ட் முடிந்து வந்து, உலையில் அரிசியைப் போட்டுவிட்டு, சோறு கொதிக்கிற நேரத்துக்கு இரண்டு வரிசை. இரண்டு மாதம் இப்படிப் போனது. ஒரு மூலையை மட்டும் நாலு விரல் அகலத்துக்குத் தைக்காமல் விட்டிருந்தார். முடியுங்களேன் என்றால், "இருக்கட்டும்" என்பார். வேட்டியின் பச்சைக் கரையை எல்லாம் வெட்டித் தனியாகச் சுருட்டி வைத்திருந்தார். அது எதற்கு என்றும் எனக்கு விளங்கவில்லை.

சாந்திக்கு ஆண் பிள்ளை பிறந்த செய்தியைச் சொல்லப் போன அன்றுதான் எனக்கு விளங்கியது. கேட்டதும் உள்ளே போய் விரிப்பை எடுத்துக்கொண்டு வந்தார். என் முன்னாலேயே உட்கார்ந்து அந்த மூலையைத் தைத்து மூடி, பல்லால் நூலை அறுத்தார். பிறக்காத பிள்ளைக்கு முன்கூட்டியே துணி தைக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதற்காகத்தான் அந்த மூலை திறந்து கிடந்திருக்கிறது. ஒரு செம்புத் தண்ணீரை எடுத்து நடுவில் கொஞ்சம் ஊற்றினார். அடியில் தடவிப் பார்த்தார். நனையவில்லை. "கொண்டு போயிக் குடு. ஒன் பொண்டாட்டி தச்சதுன்னு சொல்லு" என்றார்.

"நீங்க தச்சதுன்னு சொன்னா என்ன அண்ணாச்சி?"

"வாங்க மாட்டாலே. அவ எம்புள்ள."

கரையை ஏன் வெட்டினார் என்பதும் அப்போது புரிந்தது. பச்சைக் கரையைப் பார்த்தால் அப்பாவின் வேட்டி என்று கண்டுபிடித்துவிடுவாள். என் கையைப் பிடித்துத் தன் உள்ளங்கையில் அடிக்க வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

விரிப்பைக் கொண்டுபோய்க் கொடுத்து ஒரு மாதம் கழித்து, மறுபடி ஸ்ரீவில்லிபுத்தூரில் சாந்தி வீட்டுக்குப் போனேன். பிள்ளை அந்த விரிப்பில்தான் காலை உதைத்துக்கொண்டு கிடந்தான். சாந்தி காப்பி கொடுத்துவிட்டு, யாரிடமோ சொல்வதுபோலச் சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "ஊரு ஒலகத்துல பேரன் பொறந்தா தாத்தா வேட்டியில ஒரு மொழம் கிழிச்சுக் குடுப்பாக, சித்தப்பா. மொத மொத அதுலதான் பிள்ளையப் போடுவாக. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். அந்த ஒரு மொழம் வரும்னு பாத்தேன். சித்தி மட்டும் இது தச்சுக் குடுக்கலேன்னா எம்புள்ள வெறும் பாயிலதான் கெடந்திருப்பான்."

பிள்ளை கிடந்தது தாத்தா வேட்டியில். காப்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். சத்தியம் செய்த கை அல்லவா! பெரிய அரிச்சந்திரன் என்று நினைப்பு.

திரும்பி வந்ததும் அண்ணாச்சி வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"கெடக்கானா?"

"கெடக்கான்."

"உறிஞ்சுதா?"

"சொட்டு வெளிய வரலயாம்."

சந்தோஷத்தை மறைக்க நாயின் காதைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு முகத்தைத் திருப்பாமலே, "வேற ஏதும் சொன்னாளா?" என்றார். அவள் சொன்னதைச் சொன்னால் உடைந்து போவாரே என்று பயந்தேன். "ஒண்ணும் சொல்லல அண்ணாச்சி" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, காலால் தரையைத் தட்டி நாயைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனார். சொல்லியிருந்தால் அடுத்த பஸ்ஸுக்கே போயிருப்பாரோ என்னவோ. அதை இனி யார் சொல்ல முடியும்.

விரிப்பு போனதிலிருந்து நாய் அதைத் தேடி அலைந்தது. அதற்கும் ஒன்று தைத்தார், மிச்ச வேட்டியில், வெட்டி வைத்த பச்சைக் கரைகளை நாலு பக்கமும் சுற்றி வைத்து. "நாய்க்குன்னு ஊரு பூராச் சொல்லியாச்சு. நாய்க்கு இல்லேன்னா பொய்யாயிரும்ல" என்றார்.

வருஷங்கள் ஓடின. அங்கே சாந்திக்கு இரண்டாவதாக ஒரு பெண் பிறந்து அதே விரிப்பில் வளர்ந்தாள். சாந்தி என் மனைவியைப் பார்க்கும்போதெல்லாம், "அந்தத் தையல எனக்கும் சொல்லிக் குடுங்க சித்தி. எம்புட்டுத் தொவைச்சும் பிரியலயே" என்று கேட்பாள். என் மனைவிக்கு ஒரு பொத்தான் ஒழுங்காகத் தைக்கத் தெரியாது. "பொறவு சொல்லித் தாரேன்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து என்னைப் பிடித்து ஏசுவாள். அவள் ஏசியது நியாயம்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் நாய் செத்தது. அதன்பிறகு அண்ணாச்சி வீட்டில் "ஏட்டி" என்ற சத்தமும் இல்லை. நானும் புதுப்பட்டிக்கு வந்துவிட்டேன். மாதம் ஒருமுறை போவேன். பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் கால் தன்னால் தரையைத் தட்டும், பிறகு நின்றுவிடும். தனியாக இருப்பது என்றால் என்ன என்று அந்தக் காலைப் பார்த்துத்தான் நான் தெரிந்துகொண்டேன்.

அன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி சாந்தியிடம் சொன்னேன். அழவில்லை. சேலையை மாற்றிக்கொண்டு வந்து பஸ்ஸில் உட்கார்ந்தாள். ராஜபாளையத்தில் அவர் வாசற்படி முன்னால் வந்ததும் கால் எழும்பாமல் நின்றுவிட்டாள். பக்கத்து வீட்டு அம்மா கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார்.

தலைமாட்டில் இருந்ததை எடுத்து மாற்றும்போதுதான் அது நடந்தது. நாய் செத்த பிறகு அதன் விரிப்பை மடித்துத் தலைக்கு வைத்துத்தான் அவர் தூங்கியிருக்கிறார். "நாய்த்துணி, தூரப் போடு" என்று யாரோ சொன்னார்கள். சாந்தி அதை வாங்கினாள். முதலில் பச்சைக் கரையைப் பார்த்தாள். பிறகு கட்டைவிரலைத் தையல்மேல் வைத்து மெல்ல நகர்த்திக்கொண்டே போனாள். ஓரிடத்தில் விரல் நின்றது. மறுபடி நகர்ந்து, மறுபடி நின்றது. வருஷக்கணக்காக அதே தையலைத் துவைத்த கை.

"சித்தப்பா, இது சித்தி தச்சதா?"

"இல்லம்மா."

"அப்ப அது?"

நான் அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்தேன். இனியும் அந்தச் சத்தியம் எதற்கு? எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அந்த விரிப்பை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். "போன மாசந்தான் சித்தப்பா கிழிச்சேன். நைஞ்சு போச்சுன்னு நாலாக் கிழிச்சு அடுப்புத் துணிக்குப் போட்டுட்டேனே" என்றாள். அப்புறம்தான் அழுதாள்.

நாயின் விரிப்பை அவளே கொண்டுபோய்விட்டாள். பதினாறாம் நாள் முடிந்து போய்ப் பார்த்தபோது துவைத்துக் கொடியில் போட்டிருந்தாள். தையலுக்குள் சிக்கிய வெள்ளை முடிகள் அப்படியே இருந்தன. அவற்றை அவள் எடுக்கவில்லை.

நீங்கள் எல்லோரும் அவரிடமிருந்து ஏதாவது ஒன்றை வைத்திருப்பீர்கள், ஒரு பேச்சு, ஒரு உதவி, ஒரு ஏச்சு. என்னிடம் இருப்பது அவர் வாசலில் வைத்துக் கேட்ட ஒரு கேள்வி. நாயின் காதைத் தடவிக்கொண்டு, முகத்தைத் திருப்பாமல் கேட்டது. அதற்கு நான் பொய் சொன்னேன். இப்போது சரியான பதிலைச் சொல்கிறேன்.

சொன்னாள், அண்ணாச்சி. உங்கள் வேட்டியில் ஒரு முழம் கேட்டாள்.