தன்லியின் போகுமா, இந்த அமெரிக்கக் கார்?

போன ஞாயிற்றுக்கிழமை காலை. ரங்கூன், மிங்கலா தாங்ஞுன்டில் எங்கள் வீட்டு வாசல். மிளகாய்ச் சிவப்பில் ஓர் அமெரிக்க மஸில் கார் நிற்கிறது. இரண்டே கதவு, கட்டில் நீளத்துக்கு பானெட். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது.

அதன் கதவைத் திறந்து, காலி மீன் கூடையோடு ஓர் அம்மாள் ஏறி உட்கார்ந்தார்.

“தன்லியின் போகும்ல?”

அந்த ஒரு கேள்வியில் என் மச்சான் வீட்டு அரிசிப்பானை ஆட்டம் கண்டுவிட்டது. எப்படி? சொல்கிறேன், கொஞ்சம் பொறுங்கள்... எனக்கே இன்னும் படபடப்பு அடங்கவில்லை.

மச்சான் என்றால் என் மனைவி செல்வியின் தம்பி முத்து. பர்மியர்களுக்கு அவன் கோ மியோ. ஆற்றுக்கு அக்கரையிலிருக்கும் தன்லியினுக்கும் ரங்கூன் நடுவிலிருக்கும் கியாக்டடாவுக்கும் இடையே லைன் கார் ஓட்டுகிறவன். பிக்கப்புக்குப் பின்னால் இரண்டு பெஞ்சு போட்டால் அதுதான் லைன் கார். பத்துப் பேர் உட்காரலாம். இருபது பேர் உட்கார்வார்கள். மீதிப் பேர் தொங்குவார்கள். முத்துவின் வீட்டுச் சோறு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், அவன் மனைவி லதாவின் நிம்மதி எல்லாமே அந்தப் பெஞ்சுகளில்தான் உட்கார்ந்திருந்தன.

மழைக்காலக் கடைசியில் ஒருநாள், தன்லியினில் கொட்டுகிற மழைக்கு ஒதுங்க, ஓர் அரிசி மில்லின் கோடவுனுக்குள் போயிருக்கிறான். அங்கே தார்ப்பாய்க்கு மேல் ஏழெட்டுக் கோழிகள். தார்ப்பாய்க்கு அடியில்... இந்தக் கார்!

மில்லின் சொந்தக்காரி டோ கின் கதை சொன்னாராம். “ஒரு வெள்ளைக்கார எஞ்சினியர் விட்டுட்டுப் போனது. திரும்பி வந்து எடுத்துக்கிறேன்னு அழுதுட்டே போனான்.”

ரங்கூனில் எந்தப் பழைய காரின் தூசியைத் தட்டினாலும் அடியில் ஒரு வெள்ளைக்காரன் அழுதுகொண்டுதான் இருப்பான். அது இருக்கட்டும். காரின் லைசென்ஸ் உயிரோடு இருந்தது. எங்கள் ஊரில் அது இல்லாத கார் வெறும் கோழிக்கூடு.

டோ கின்னுக்கு அரிசி மூட்டை ஏற்ற ஒரு வண்டி வேண்டும். முத்துவுக்கு இந்தக் கார் வேண்டும். வண்டிக்கு வண்டி... மாற்றிக்கொண்டார்கள்.

“லைன் காரைக் குடுத்துட்டு இந்த ஓட்டைச் சப்பரத்தை வாங்கிட்டு வந்தியா? உனக்கென்ன கிறுக்காடா?” என்றாள் செல்வி.

“அக்கா, இது சும்மா கார் இல்ல. இந்த நாட்டுலயே இது ஒண்ணுதான் இருக்காம்!”

“ஒண்ணுதான் இருக்குன்னா என்ன அர்த்தம்? வேற எவனும் ஏமாறலைன்னு அர்த்தம்.”

லதா? அன்று முதல் அவள் அவனோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள். அது இன்னும் மோசம்.

ஆனால் முத்துவிடம் ஒரு கணக்கு இருந்தது. ஊ தெயின் என்று ஒருவர். ரத்தின வியாபாரத்தில் சம்பாதித்து, இப்போது பழைய கார்களைத் துடைத்துக்கொண்டு ஓய்வாக இருக்கிறவர். அவர் சொல்லி அனுப்பியிருந்தார். கார் ஒரிஜினலாக இருந்தால், அதற்குப் பதிலாக நல்ல நிலையில் இரண்டு பிக்கப் தருவார். இரண்டு! ஒன்றை முத்து ஓட்டலாம், இன்னொன்றை வாடகைக்கு விடலாம். ஒரிஜினல் இல்லையென்றால், அவர் வீட்டு கேட்டைக்கூடத் தாண்டாது.

வாரா வாரம் இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்கு என்னைத் தெரியும். பள்ளிக்கூடம் என்னை ஏழாம் வகுப்போடு விட்டுவிட்டது. கவலை மட்டும் விடவேயில்லை. ஆகவே உடனே ஆரம்பித்தேன். சீட்டுக்கு அடியில் பாம்பு இருந்தால்? பாலத்தின் மேல் பிரேக் போனால்? அந்த வெள்ளைக்காரனின் பேரன் வந்து கேட்டால்?

“அத்தான், நீங்க கவலைப்படுறதுக்குன்னே ஒரு ஆபீஸ் திறக்கலாம்” என்றான் முத்து.

பாம்பும் வரவில்லை, பேரனும் வரவில்லை. வந்தது பெட்ரோல் பிரச்சினை. எட்டு சிலிண்டர் எஞ்சின். எங்களுக்கோ கூப்பன் பெட்ரோல். தன்லியின் பாலம் ஏறி இறங்குவதற்குள் ஒரு வாரத்து ரேஷனை அது குடித்துவிட்டது. மிச்ச தூரத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பின்னாலிருந்து தள்ளியவர்களில் நானும் ஒருவன். மஸில் யாருக்கு என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

அடுத்து கோ ஸோ வந்தான். எங்கள் பேட்டை மெக்கானிக். வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே காரைச் சுற்றி வந்து சொன்னான்: “கவலையே வேணாம். ஒரிஜினல் ஆக்கிடலாம்.”

சிரிக்காதீர்கள். எங்கள் ஊரில் ஒரு காரின் கதவு ஒரு வண்டியிலிருந்து வரும், கூரை இன்னொன்றிலிருந்து, எஞ்சின் மூன்றாவதிலிருந்து. புது வண்டி இறக்குமதி செய்ய யாரால் முடிகிறது? இருப்பதை வெட்டி ஒட்டித்தான் ஓட்டுகிறோம். ஆகவே இங்கே ஒரிஜினல் என்றால் ஒரே அர்த்தம்தான். பளபளவென்று இருக்க வேண்டும், சாவியைத் திருப்பினால் கிளம்ப வேண்டும்.

கோ ஸோ பளபளப்பாக்கினான். மங்கலான மஞ்சள் பெயின்ட்டைத் தகரம் தெரியும்வரை சுரண்டி எடுத்தான். எலி கடித்த கறுப்பு சீட்டுகள் குப்பைக்குப் போயின. அந்த இடத்தில் ரோஜாப்பூ போட்ட வெல்வெட், மேலே பிரிக்காத பிளாஸ்டிக் உறை.

அதே வாரத்தில் டோ கின்னின் மில் எஞ்சின் உயிரை விட்டது. எங்கள் பக்கத்து மில்களில் உமியை டிரம்மில் புகையவிட்டு, அதிலிருந்து வரும் வாயுவில் எஞ்சினை ஓட்டுவார்கள். கோ ஸோவுக்கு ஒரு யோசனை பளிச்சிட்டது.

“பெட்ரோல் எஞ்சின்தானே அம்மாவுக்கு வேணும்? இந்தக் குடிகாரனை மில்லுல கட்டிடு. உமியைத் தின்னுட்டுக் கிடக்கட்டும். உன் லைன் கார் டீசல் எஞ்சினைத் திருப்பி வாங்கி இதுல மாட்டிடுவோம்.”

டோ கின்னும் சம்மதித்தார். நெல்லை அரைக்கவே வழியில்லாதபோது, அரிசி ஏற்றிப் போக ஓடுகிற வண்டி எதற்கு?

“ஒரு கேலன் டீசல்ல தன்லியின் போயிட்டுத் திரும்பலாம் அத்தான்!” என்று முத்து குதித்தான். ஆகா என்றேன். அன்றிரவு, இரண்டு மாதத்தில் முதல் தடவையாக, நிம்மதியாகத் தூங்கினேன். இதை மட்டும் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம்.

ஊ தெயின் பட்டு லோஞ்சி கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். காரைச் சுற்றி நடந்தார். விரலால் பானெட்டைத் தட்டினார்.

“இந்தக் கலர் யார் குடுத்தது?”

“புதுசு, ஊலே! பழசு ஏதோ மங்கின மஞ்சள். ஒரு பொட்டு மிச்சமில்லாம சுரண்டிட்டோம்!” என்றான் முத்து. ‘ஊலே’ என்றால் பர்மியத்தில் மாமா. அவன் குரலில் அத்தனை பெருமை.

ஊ தெயின் முகத்தில் ஏதோ ஒன்று செத்தது. உள்ளே எட்டிப் பார்த்தார். ரோஜாப்பூக்கள். கண்ணை மூடித் திறந்தார்.

“சரி... போகட்டும். பெயின்ட் தோல்தான். சீட் சட்டைதான். ரெண்டையும் நான் மாத்திக்குவேன். எஞ்சின்தான் நெஞ்சு. ஸ்டார்ட் பண்ணு.”

முத்து சாவியைத் திருப்பினான்.

கட... கட... கட... கடகடகடகட.

தெருவே தலையைத் திருப்பியது. முனையில் நின்றிருந்த மீன்காரம்மா டோ மியா, விடிகாலையில் தன்லியினிலிருந்து வந்து மீன் விற்றுவிட்டுத் திரும்பப் போகிறவர், கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடியே வந்தார். நான் முதலில் சொன்ன கேள்வி இங்கேதான் வந்து விழுந்தது.

“அம்மா, இறங்குங்க! இது பிரைவேட் கார்!” முத்து பதறினான்.

“கண்ணுக்கு என்னடா தெரியும்? நான் காதால வண்டி பிடிக்கிறவ. உன் சத்தம் எனக்குத் தெரியாதா, கோ மியோ? எங்கடா ஒழிஞ்சே இத்தனை நாளா?” என்று சொல்லிக்கொண்டே ரோஜாப்பூக்களின் மேல் கூடையைச் சாய்த்தார். பிளாஸ்டிக் உறைக்கு அன்றைக்குத்தான் ஒரு பயன் கிடைத்தது.

ஊ தெயின் பானெட்டைத் திறந்தார். பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

“இது என்ன?”

“டீசல், ஊலே. ஒரு கேலன்ல...”

“பெட்ரோல் குடிக்கிற காரைத்தானேடா நான் இவ்வளவு காலமா தேடிட்டு இருக்கேன்!”

வீட்டுக் கதவோரம் நின்ற லதா அப்போது வாயைத் திறந்தாள். பல வாரங்களுக்குப் பிறகு புருஷனிடம் பேசிய முதல் பேச்சு.

“சத்தம் நல்லாத்தான் இருக்கு. நம்ம வண்டி மாதிரியே.”

அடி வாங்கினாற்போல முத்து குறுகிப்போனான்.

“பழைய எஞ்சின் எங்கே?” என்றார் ஊ தெயின். “அது மட்டும் கிடைச்சா, பேச்சு பேச்சுதான். ரெண்டு பிக்கப்.”

உயிர் வந்தது எங்களுக்கு. உடனே கிளம்பினோம். முன்னால் முத்துவும் லதாவும், பின்னால் நானும் டோ மியாவும் கூடையும். அவர் இறங்க மறுத்துவிட்டார். “எப்படியும் தன்லியின்தானே போறீங்க?” ஊ தெயினின் கார் எங்கள் பின்னாலேயே வந்தது.

மில் இன்னும் கண்ணில் படவில்லை. அதற்குள் ஊ தெயின் காரை நிறுத்தி இறங்கிவிட்டார். அந்தச் சத்தம்! அடிவயிற்றிலிருந்து யாரோ நிதானமாக உறுமுகிற மாதிரி. உள்ளே போனால் உமித்தூசி பனிபோலப் பறக்கிறது. நடுவில் எண்ணெய் வழிய எட்டு சிலிண்டரும் ஓடுகின்றன. மேலே, மில்லைக் காக்கிற நாட் தேவதைக்காக, சிவப்புத் துணி சுற்றிய தேங்காய் தொங்குகிறது.

ஊ தெயின் கண்களை மூடிக்கொண்டு நின்றார். வாயில் வெற்றிலை அப்படியே இருந்தது. மெல்லவில்லை.

“அம்மா, எஞ்சினைத் திருப்பிக் குடுத்துடுங்க. பதிலுக்கு இதைவிட நல்ல எஞ்சின் ஐயா வாங்கித் தருவார்” என்றான் முத்து. ஊ தெயின் வேகமாகத் தலையை ஆட்டினார்.

டோ கின் வாசல் பக்கம் கையைக் காட்டினார். நெல் மூட்டைகளோடு மாட்டு வண்டிகள் வரிசையாக நின்றன.

“ரெண்டு வாரமா மில் நின்னு, இப்பத்தான் ஓடுது. மறுபடி நிறுத்துறேன்னு அவங்ககிட்ட நீயே போய்ச் சொல்லு. அப்புறம் அந்தத் தேங்காய்கிட்டயும் சொல்லு. ரெண்டு பேரும் சரின்னா எனக்கும் சரி.”

யார் சொல்வது? ரத்தினமே விற்றவர், அவருக்கே தேங்காயை நிமிர்ந்து பார்க்கத் தைரியமில்லை. இரண்டு பிக்கப்பும் அந்த உமிப்புகையோடு போயின.

கோடவுனில் அதே தார்ப்பாய். அதே கோழிகள். அடியில் இப்போது முத்துவின் லைன் கார், எஞ்சின் இல்லாமல். அவன் கோழிகளை விரட்டிவிட்டு, பெஞ்சின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றான். லதா பக்கத்தில் போய் நின்றாள். தன் முந்தானையால் பெஞ்சில் ஒட்டியிருந்த எச்சத்தைத் துடைத்தாள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“அம்மா,” என்று டோ கின்னைக் கூப்பிட்டான் முத்து. “வண்டிக்கு வண்டி?”

“எடுத்துட்டுப் போ. மில்லுல ஓடுற எஞ்சின் மட்டும் என்னுது.”

சாயங்காலத்துக்குள் கோ ஸோ வந்து டீசலை அதன் சொந்த இடத்தில் பூட்டினான். அதை வெளியே தூக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தச் சிவப்புக் காருக்குள் ஒரிஜினலாக இருந்த ஒரே பொருள் என் மச்சானின் டீசல் எஞ்சின்தான். அதைச் சொன்னவர் ஒரு மீன்காரம்மா.

என் கதையைப் பாருங்கள். பாம்புக்குப் பயந்தேன், பாலத்துக்குப் பயந்தேன், பிறக்காத பேரனுக்குப் பயந்தேன். எஞ்சினைக் கழற்றிய அன்று மட்டும் குறட்டை விட்டுத் தூங்கினேன்! நான் கவலைப்பட்ட எதுவும் நடந்ததில்லை, நடந்த எதற்கும் நான் கவலைப்பட்டதில்லை. கவலைக்குப் பார்வை கூர்மை என்று யார் சொன்னது? அதற்கு ராத்திரியில் கண் தெரியாது. பகலிலும்தான்.

திங்கட்கிழமை முதல் முத்து மறுபடியும் லைனில். லதா பேசுகிறாள், இரண்டு மாதத்துப் பாக்கியையும் சேர்த்து. ஊ தெயின், ஞாயிறுதோறும் மில்லுக்கு வந்து ஒரு மூட்டை மேல் உட்கார்ந்து எஞ்சினைக் கேட்டுவிட்டுப் போக டோ கின்னிடம் அனுமதி வாங்கியிருக்கிறார். சும்மா இல்லை, வரும்போது டிரம்முக்கு உமியும் அவர்தான் அள்ளிப் போட வேண்டுமாம்.

சிவப்புக் கார் தார்ப்பாய்க்கு அடியில் போய்விட்டது. கோழிகளுக்கு வெல்வெட் பிடித்துப்போய், இப்போது ரோஜாப்பூ மேல்தான் முட்டையிடுகின்றனவாம். டோ கின் ஒரு கூடை கொடுத்தனுப்பினார். நேற்று காலை செல்வி ஒன்றை வேகவைத்துத் தட்டில் வைத்தாள். நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஓடு கொஞ்சம் சிவப்பாக இருக்கிறதே...

“உடைச்சுப் பாருங்க,” என்றாள். “உள்ள டீசல் இருந்தா சொல்லுங்க.”