காணாமல் போன ‘னு’

வண்டிகளுக்கு சீட் கவர் தைக்கும் அந்தப் பட்டறையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘விமர்சனம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். சின்னவர்களுக்கு ‘விமர்சனம் அக்கா’. வார லீவு கிடைத்தால் ஒரு படம். மறுநாள் காலையில் மெஷினில் நூல் கோர்ப்பதற்குள் ஆரம்பித்துவிடுவாள். கதை சொல்கிறேன் என்றுதான் தொடங்குவாள், ஆனால் வருவதில் முக்கால்வாசி வசவு.

சினிமாவைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் தெரிந்தவள் இல்லை. யார் கேமரா, யார் இசை என்பதெல்லாம் அவள் காதில் ஏறாது. திரையில் இருக்கிறவர்கள் மனுஷ ஜென்மம் மாதிரி நடந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். அப்படி நடக்கவில்லை என்றால், யாரோ தன் வீட்டுக்குள் செருப்புக் காலோடு நுழைந்த மாதிரி அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“அந்த அம்மா இடைவேளைக்கு முன்னாடி ஒரே ஒரு இருமல் இருமினாங்க. எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு, இவங்க கதை முடிஞ்சுதுன்னு. பையனுக்கு ரோஷம் வரணுமாம், அதுக்கு அம்மா சாகணுமாம். ஏன், உயிரோட இருக்கற அம்மாவுக்காக ரோஷப்படக் கூடாதா?” இது ஒரு வாரம்.

“வேண்டாம், வேண்டாம்னு அந்தப் பொண்ணு படம் முழுக்கச் சொல்றா. அவன் பஸ்ல வர்றான், ஆபீஸ் வாசல்ல நிக்கறான், தங்கியிருக்கற ஹாஸ்டல் சுவர் ஏறிக் குதிக்கறான். கடைசியில அவளுக்கே காதல் வந்துருச்சாம்! எங்க இருந்துய்யா வந்துச்சு? பின்னாடியே வந்துச்சா?” இது இன்னொரு வாரம்.

“படத்தைப் படமாப் பாரேன்மா,” என்பார் கட்டிங் மாஸ்டர். ரெக்சின் விரிப்பின் மேல் சாக்பீஸால் கோடு போட்டபடியே சொல்வார். வயதானவர். திரையில் சண்டை வந்தால் போதும் அவருக்கு.

“படமாத்தான் மாஸ்டர் பாக்கறேன். அவங்கதான் என்னை மாடாப் பாக்கறாங்க. எதைப் போட்டாலும் தின்னும்னு.”

பிடித்த படமும் உண்டு. ஒரே வீட்டை இரண்டாகத் தடுத்துக்கொண்டு பேசாமல் வாழும் அண்ணன் தம்பியைப் பற்றிய சின்னப் படம் ஒன்று. பாதி அரங்கம் காலி, மீதிப் பாதியில் குறட்டை. சுவருக்கு அந்தப் பக்கம் தம்பி தும்மினால் இந்தப் பக்கம் அண்ணன் ஜன்னலைச் சாத்துகிற இடத்தில் அவள் மட்டும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். பட்டறையில் உள்ளவர்களையெல்லாம் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பப் பார்த்தாள். அவர்கள் கிளம்புவதற்குள் படத்தைத் தூக்கிவிட்டார்கள். அந்தக் கோபம் அவளுக்கு நெடுநாள் ஆறவில்லை.

வீட்டில் அவளும் தங்கச்சியும்தான். மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கின வாசல், இரண்டு அறை, ஜன்னல் ஓரமாக அடுப்பு. அவளுக்குக் கல்யாணம் என்று ஒன்று அமையவில்லை, அதற்காக அவள் அழுததும் இல்லை. தங்கச்சிக்கு அமைந்தது. அமைந்தவன் கை நீட்டுகிறவன். ஒருநாள் உதடு கிழிந்து, ஒரு பையோடு அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றவள் திரும்பிப் போகவில்லை. இப்போது மருந்துக்கடையில் வேலை. புருஷன் வீட்டிலிருந்து மட்டும் ‘கோபத்துல ஒரு அடி அடிச்சா குடியா முழுகிப்போச்சு’ என்று அவ்வப்போது தூது வந்துகொண்டிருந்தது.

அந்த வாரம் தங்கச்சிக்குக் கடையில் ஆள் இல்லை, லீவு கிடைக்கவில்லை. பட்டறையில் பஞ்சுத் திண்டு வெட்டுகிற கூட்டாளியை இழுத்துக்கொண்டு போனாள் விமர்சனம். ஊரெல்லாம் ‘குடும்பப் படம், குடும்பப் படம்’ என்று ஒரே பேச்சாக இருந்த படம்.

கதை இதுதான். புருஷன் அடிக்கிறான். பெண்டாட்டி அம்மா வீட்டுக்குப் போகிறாள். அவள் இல்லாமல் அவனுக்குச் சட்டை பட்டன் தைக்க ஆள் இல்லை, காய்ச்சல் வேறு வந்துவிடுகிறது. அவள் ஓடி வந்து, காலடியில் உட்கார்ந்து, “அடிச்ச கை வலிக்குதாங்க?” என்று கேட்கிறாள். பின்னணியில் வயலின் அழுகிறது. அரங்கத்தில் கைதட்டல். பக்கத்து சீட்டு ஆள் விசில் அடித்தான்.

விமர்சனத்துக்கு உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை எரிந்தது. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அந்தக் கண்ணோடு வெளியே வந்தவள் முன்னால் மைக்கை நீட்டினான் ஒரு தாடிக்காரன். கூடவே ஒருவன் கேமராவோடு நின்றான்.

“அக்கா, படம் எப்படி இருக்கு?”

கேட்டதுதான் தாமதம். கொட்டித் தீர்த்துவிட்டாள். “எப்படி இருக்கா? இந்தப் பொண்ணோட பொறுமைக்கு நாங்க எல்லாரும் கைதட்டணும்னு நினைக்கறீங்க. எல்லா வீட்டுப் பொண்ணுங்களும் பாக்கணும்னு போஸ்டர்ல போட்டிருக்கீங்க. எதைய்யா பாக்கணும்? எப்படி அடி வாங்கறதுன்னா? உதடு கிழிஞ்சு வந்து நிக்கற பொண்ணை நீங்க பாத்திருக்கீங்களா? நான் பாத்திருக்கேன். அவ ‘கை வலிக்குதா’ன்னு கேக்கல!”

கூட்டாளி கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் நகர்ந்தாள்.

வீட்டுக்கு வந்தபோது தங்கச்சி துணி மடித்துக்கொண்டிருந்தாள். வழக்கமாகச் செருப்பைக் கழற்றும்போதே வாய் திறந்துவிடும். அன்றைக்கு, “படம் எப்படிக்கா?” என்று தங்கச்சியே கேட்டும், “சுமார்தான்டி,” என்று சொல்லி முகம் கழுவப் போய்விட்டாள். அந்தக் கதையை அவளிடம் எந்த வாயால் சொல்வது? ஆறிக்கொண்டிருக்கிற புண்ணை நாமே ஏன் கீற வேண்டும் என்று நினைத்தாள்.

இரண்டொரு நாளில் பட்டறைக்குள் நுழைந்ததும் கட்டிங் மாஸ்டர் எழுந்து நின்று கும்பிட்டார். “வாம்மா நட்சத்திரமே! கடைசியில உனக்கும் ஒரு படம் பிடிச்சுருச்சே!”

போனை நீட்டினார். அதில் அவள் முகம். கலங்கின கண். பின்னணியில் அதே வயலின். “இந்தப் பொண்ணோட பொறுமைக்கு நாங்க எல்லாரும் கைதட்டணும்... எல்லா வீட்டுப் பொண்ணுங்களும் பாக்கணும்...” அதோடு முடிந்தது. ‘தாய்மார்களைக் கண்கலங்க வைத்த காவியம்’ என்று பெரிய எழுத்து வந்து விழுந்தது.

அவளுக்கு முதலில் புரியவே இல்லை. தன் வாய்தான், தன் குரல்தான். திரும்பப் போட்டுப் பார்த்தாள். பிறகுதான் பிடிபட்டது. கைதட்டணும்‘னு’, பாக்கணும்‘னு’. அந்த ‘னு’வையும் அதற்குப் பின்னால் வந்ததையும் நறுக்கி எடுத்திருந்தார்கள். இத்தனூண்டு ஓர் எழுத்துதான். அது போனதும் அவள் திட்டினதெல்லாம் தாலாட்டு ஆகிவிட்டது.

“படுபாவிங்க,” என்றாள். அன்றைக்கு அவள் தைத்த தையல் அத்தனையும் கோணல்.

சாயங்காலம் வீட்டில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தாள் தங்கச்சி. அக்கா உள்ளே வந்ததும் போனை அடுப்பு மேடையில் வைத்துத் தள்ளினாள். மாமியார் அனுப்பியிருந்தார். வீடியோவுக்குக் கீழே ஒரு குரல்பதிவு: “உன் கூடப் பொறந்தவளே சொல்லிட்டா பாரு. பொறுத்துப் போறவதான் பொம்பளை. புத்தி வந்திருந்தா கிளம்பி வா.”

“நான் அப்படிச் சொல்லலடி. வெட்டிட்டாங்க.”

“வாய் உன்னோடதுதானே அசையுது?”

“முழுசா என்ன சொன்னேன்னு கேளு...”

“அன்னைக்கே கேட்டேனே. சுமார்னு சொன்ன.” தங்கச்சியின் குரல் ஏறியது. “போஸ்டரைப் பாத்துத் திட்டறவ, டிரெய்லரைப் பாத்துத் திட்டறவ, அன்னைக்கு மட்டும் வாய மூடிக்கிட்டுப் போய் மூஞ்சி கழுவின. இன்னைக்கு இதைப் பாத்தா நான் என்ன நினைக்கறது? ஓ, அக்காவுக்கும் உள்ளுக்குள்ள இதுதான் போலருக்கு, நான் பாரமாயிட்டேன் போலருக்குன்னு நினைக்கமாட்டேனா?”

விமர்சனம் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். பிறகு மெதுவாக, மைக்கில் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னாள். கிழிந்த உதட்டைச் சொன்ன இடத்தில் மட்டும் தடுமாறினாள்.

தங்கச்சி அழவில்லை. கோபம்தான் கூடியது. “ஊர்ல எவனோ நீட்டின மைக்குல சொல்லுவ. என்கிட்ட சொல்லமாட்ட. எனக்கு நோகும்னு நீயா முடிவு பண்ணிக்குவியா? அடி வாங்கினது நான். அதைப் பத்தி எவன் படம் எடுத்தாலும் முதல்ல திட்ட வேண்டியது நான்!”

தான் செய்தது தப்பு என்று அக்காவுக்குத் தோன்றியது. ஆனாலும் அந்த நேரத்தில் தங்கச்சி மேலும் கோபம் வந்தது, தன் மேலும் வந்தது.

“நாளைக்கு நான் மத்தியானத்தோட லீவு சொல்றேன். நீயும் சொல்லு. அந்தப் படத்தை நான் பாக்கணும்,” என்றாள் தங்கச்சி.

அரங்க வாசலில் நுழைந்ததுமே விமர்சனத்துக்குக் காலை வாரிவிட்ட மாதிரி இருந்தது. டிக்கெட் ஜன்னலுக்குப் பக்கத்தில் பெரிய டிவி. அதில் இவள் முகம். ஒரு தரம் முடிந்தால் மறுபடியும் முதலிலிருந்து. வரிசையில் நின்றவர்கள் டிவியையும் இவளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள்.

தாடிக்காரன் அங்கேதான் இருந்தான். மைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். நேரே போய் நின்றாள்.

“என்னைத் தெரியுதா?”

“அக்கா! உங்க வீடியோ செம ஓட்டம்...”

“நான் சொன்னது எங்க?”

அவன் முகம் மாறியது. “நான் எடுத்துக் குடுக்கறதோட சரி அக்கா. வெட்டறது விளம்பர ஆபீஸ்ல. திட்டறதைப் போட்டா அடுத்த படத்துக்கு என்னைக் கூப்பிடமாட்டாங்க. என் பொழப்பு இது.”

“உன் பொழப்புக்கு என் நாக்குதான் கிடைச்சுதா?”

“சரி, என்னைக் கேளுங்க,” என்று முன்னால் வந்தாள் தங்கச்சி. “அடிச்ச கை வலிக்குதான்னு கேக்கறதைப் பத்தி நான் சொல்றேன். மைக்கைப் போடுங்க.”

அவன் மைக்கைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தான்.

விமர்சனம் அதற்கு மேல் நிற்கவில்லை. டிவியின் வயர் எங்கே போகிறது என்று பார்த்தாள். குனிந்து பிளக்கைப் பிடித்து ஒரே இழுப்பு. வயலின் பாதியில் நின்றது.

மேனேஜர் உள்ளேயிருந்து ஓடிவந்தார். “என்னம்மா இது? தியேட்டர் பொருள்மேல கை வைக்கறீங்க?”

“டிவி உங்களது சார். மூஞ்சி என்னுது. என் மூஞ்சியை நான் அணைச்சேன்.”

“கம்பெனி அனுப்பினதைப் போடறோம். எனக்கென்ன தெரியும்?”

“இப்பத் தெரிஞ்சுதுல்ல? நான் சொல்லாததை என் வாயில வெச்சிருக்காங்க. மறுபடியும் போட்டீங்கன்னா, நாள் தவறாம வந்து பிடுங்குவேன். டிக்கெட் வாங்கிட்டே வந்து பிடுங்குவேன்.”

வரிசையிலிருந்து யாரோ சிரித்தார்கள். யாரோ ‘சரியாத்தான் சொல்றாங்க’ என்றார்கள். இன்னொருவர் ‘விளம்பரத்துக்காக இதையும் பண்ணுவாங்க’ என்றார். அந்தக் கடைசி ஆளைத் திரும்பிப் பார்த்து முறைத்தாள். மேனேஜர் யாருக்கோ போன் போட்டுப் பேசினார். பேசிவிட்டு வயரைச் சுருட்டி டிவிக்குப் பின்னால் வைத்துவிட்டு உள்ளே போனார். மன்னிப்பு, கின்னிப்பு எல்லாம் கிடையாது.

அக்காவும் தங்கச்சியும் அந்தப் படத்தை முழுசாகப் பார்த்தார்கள். காலடிக் காட்சி வந்தபோது இருட்டில் தங்கச்சி சத்தமாகவே சொன்னாள்: “வலிச்சா வலிக்கட்டும்டி, எந்திரி!” முன் வரிசையில் இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி சிரித்தாள்.

வெளியே வந்து தெருவில் நின்றபடியே மாமியாருக்குக் குரல்பதிவு போட்டாள் தங்கச்சி. “அத்தை, அக்கா என்ன சொன்னாங்கன்றது இருக்கட்டும். நான் சொல்றேன், இதை யாரும் வெட்ட முடியாது. வரமாட்டேன்.” அனுப்பினாள். அந்த நம்பரை பிளாக் பண்ணினாள்.

கதை அதோடு நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல முடியாது. போனில் அந்த வீடியோ சுற்றிக்கொண்டேதான் இருந்தது. விளம்பர ஆபீசுக்குப் பேசினால் ‘பார்க்கறோம்’ என்பார்கள், அடுத்த தடவை எடுக்கமாட்டார்கள். படம் நன்றாக ஓடியது. வெற்றி விழாவில் இயக்குநர் ‘தாய்மார்களே என் படத்துக்கு சாட்சி’ என்று நெகிழ்ந்து பேசினார். பட்டறை ரேடியோவில் அதைக் கேட்ட விமர்சனம் கத்தரிக்கோலை மேஜையில் வீசினாள். கட்டிங் மாஸ்டர் எழுந்து போய் ரேடியோவை நிறுத்தினார்.

படம் பார்ப்பதை அவள் விடவில்லை. இப்போது தங்கச்சியும் தவறாமல் கூட வருகிறாள். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் இரண்டு பேருக்கும் சண்டை.

“என்னடி நல்லா இருந்துச்சு அதுல? ஜவ்வு மாதிரி இழுத்தான்.”

“உனக்கு எதுதான் பிடிக்கும்? அந்த டீச்சரம்மா பாத்திரம் எவ்வளவு நல்லா இருந்துச்சு.”

“டீச்சராம் டீச்சர்! படம் முழுக்க ஒரு தடவை பாடம் நடத்தினாளா அவ?”

“ஏன், லீவு நாள்ல நடக்கற கதைதானே அக்கா...”

“அப்ப எதுக்குடி அவளுக்கு டீச்சர் வேலை? சும்மா இரு, வயித்தெரிச்சலைக் கிளப்பாத!”