விசேஷத்துக்கு உதவாத லென்ஸ்

கேமரா வாங்கிய நாளிலிருந்து வீட்டு விசேஷம் ஒன்று விடாமல் நான்தான் படம் எடுத்தேன். ஒரு படத்தில்கூட நான் இல்லை. போதும், இனி வயலில் இறங்கும் நாரைகளைத்தான் எடுப்பேன் என்று காரைக்கால் கடைக்குப் போய், இருப்பதிலேயே விலை குறைந்த ஜூம் லென்ஸைக் கேட்டேன்.

"வீட்டுக்குள்ள இது சரிப்படாதுங்க. ஆளுங்க ரொம்பத் தள்ளி நிக்கணும்," என்றார் கடைக்காரர்.

"அப்ப இதையே குடுங்க," என்றேன். கேமராவோடு வந்த சின்ன லென்ஸை விலையில் கழித்துக்கொள்ளச் சொல்லி அவரிடமே கொடுத்துவிட்டேன்.

அடுத்த வாரம் கோவில்பத்தில் அண்ணன் வீட்டில் அவர் மகளுக்குக் காதுகுத்து. "எல்லாரையும் சேத்து ஒண்ணு எடு," என்றார் அண்ணி.

"எடுக்குறேன் அண்ணி. எல்லாரும் தெருமுனையில போய் நில்லுங்க."

அண்ணன் முறைத்துக்கொண்டே தன் செல்போனை எடுத்தார். நான் போய் நடுவில் உட்கார்ந்தேன்.