கீழே இறங்கி வந்த கிற்றார்

கிற்றார்க் கம்பியைத் தளர்த்தினால் உள்ளே இருக்கிற கரண்ட் வெளியே ஒழுகும் — இதை மனதார நம்பிய ஒருவன் இந்தக் கொழும்பில் இருந்தான். வாராவாரம் உங்களுக்கு இந்தப் பத்தியை எழுதுகிறவன் அவன்தான்.

சிரியுங்கள், பரவாயில்லை.

போன ஞாயிறு வெள்ளவத்தையில் எங்கள் மேல்வீட்டுக்காரர் ஒரு எலெக்ட்ரிக் கிற்றார் வாங்கி வந்து, அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினார். நடுவில் ஒரு கம்பி ‘ஸ்ர்ர்ர்’ என்று இரைந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். நான்... இரண்டு காலையும் கதிரைக்கு மேலே தூக்கிவிட்டேன்.

“என்னப்பா, எலியோ?” என்றாள் மனைவி.

எலி இல்லை. வெள்ளைக்காரன் காலத்துப் பயம்.

அப்போது உலக யுத்தம் முடிந்து பட்டாளத்துக்காரர்கள் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நான் கொட்டாஞ்சேனையில், என்னோடு கந்தோரில் வேலை செய்த ஜோர்ஜின் வீட்டில் தங்கியிருந்தேன். ஊருக்குப் போகும் அவசரத்தில் ஒரு சிப்பாய் தன் கிற்றாரை என் தலையில் கட்டிவிட்டுப் போனான். கம்பிகளுக்குக் கீழே காந்தம், காந்தத்திலிருந்து வயர், வயரின் மறுமுனையில் சூட்கேஸ் அளவு ஒலிபெருக்கிப் பெட்டி. அந்த ஒழுங்கையில் வேறு எந்த வீட்டில் அதுமாதிரி இருந்தது? எனக்கு நடையே மாறிவிட்டது!

ஜோர்ஜுக்கு ஒரு அக்கா, ரீற்றா. ஒரு தங்கை, பிலோ. பிலோவுக்குக் கல்யாணம் குறித்தாயிற்று. அந்தக் கத்தோலிக்க வீட்டில் ஒரு வழக்கம் — கல்யாணப் பெண் கோயிலுக்குப் புறப்படும்போது வாசலில் நிறுத்தி, வீட்டின் மூத்த பெண் ஒரு வாழ்த்துப் பாட வேண்டும். பாடி முடிந்த பிறகுதான் பெண் படி இறங்குவாள்.

மூத்த பெண் ரீற்றா அக்கா. பூசையில் அவ பாடினால் கடைசி வரிசை வாங்கில் இருக்கிறவர்களும் திரும்பிப் பார்ப்பார்களாம். ஆனால் கழுத்தில் ஒரு கழலை வந்து, ஒப்பரேஷன் செய்த பிறகு குரல் தாழ்ந்து கட்டையாகிவிட்டது. அன்றைக்கு விட்டவதான், பாடவே இல்லை. ‘பிலோவுக்கு வேறு ஆரும் பாடட்டும்’ என்று சொல்லிவிட்டா.

“அக்கா பாடாட்டி நான் படி இறங்க மாட்டன்” என்றாள் பிலோ. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சாப்பாட்டையும் தள்ளி வைத்துவிட்டாள்.

ரீற்றா அக்கா அந்தச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினா. “தம்பி, பின்னால உன்ர கிற்றார்ச் சத்தம் இருந்தா, என்ர குரல் அதுக்குள்ள ஒளிச்சிடும். வாசிப்பியோ?”

வாசிப்பேனா? மார்பு விரிந்தது. வாசித்தேன். அவ முதல் அடியைப் பாட வாயைத் திறந்தா... குரல் அந்த உயரத்துக்கு ஏறவில்லை.

வாசிக்கத் தெரிந்தவனென்றால் விரல்களை வேறு இடத்தில் வைத்துக் கீழ்ச்சுருதியில் வாசித்துவிடுவான். எனக்குத் தெரிந்ததோ மூன்றே மூன்று பிடி. அவற்றை மாற்றச் சொன்னால் விரல்கள் வேலைநிறுத்தம் செய்யும். ஆகவே தலைப்பக்கத்து ஆணிகளைத் திருகி, ஆறு கம்பிகளையும் ஒரேயடியாகத் தளர்த்தினேன்.

‘ஸ்ர்ர்ர்ர்.’

கரண்ட் ஒழுகுகிறது! இறுக்கி வைத்திருந்த பைப்பைத் திறந்துவிட்ட மாதிரி! கிற்றாரைக் கட்டிலில் எறிந்துவிட்டு ஓடினேன்.

அடுத்த நாள் துறைமுகத்தில் ஒருவரிடம் இரவல் வாங்கிய ரப்பர் பூட்ஸை முழங்கால் வரை மாட்டிக்கொண்டு முன்னறையில் வாசிக்க உட்கார்ந்தேன். ஜோர்ஜ் எட்டிப் பார்த்தான்.

“என்ன மச்சான், மீன் ஏலத்துக்கோ வெளிக்கிட்டனீ?”

“கரண்ட் அடிக்குமடா. சத்தம் கேக்கேல்லையோ?”

ரீற்றா அக்கா வந்தா. என் காலைப் பார்த்தா. பிறகு வயரைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு, “இப்ப வாசி” என்றா.

வாசித்தேன். ‘ஸ்ர்ர்ர்.’

“கரண்டை நான் கையில வச்சிருக்கிறன். அப்ப இது என்ன, தம்பி?”

தளர்ந்த கம்பி துள்ளி, கிற்றாரின் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கிற உலோகக் கட்டைகளில் உரசுகிறது. அவ்வளவுதான் விஷயம்! பூட்ஸைக் கழற்றும்போது ஜோர்ஜ் சிரித்த சிரிப்பு இருக்கிறதே... விடுங்கள்.

புறக்கோட்டைக்குப் போய்த் தடித்த கம்பிகள் வாங்கி வந்தேன். தடித்தது என்றால் கீழ்ச்சுருதியிலும் தொய்யாது. ஆனால் தலைப்பக்கத்தில் கம்பிகள் உட்காரும் பள்ளங்களுக்குள் அவை இறங்க மறுத்தன. சின்ன அரத்தால் பயந்து பயந்து ராவி அகட்டினேன். கம்பிகளைத் தாங்கும் கட்டையின் இரு பக்கத்துச் சக்கரங்களையும் திருகிக் கட்டையை உயர்த்தினேன். இரைச்சல் பாதியானது. மீதி, தலைப்பக்கத்திலேயே குந்தியிருந்தது.

அப்போதுதான் சிப்பாய் சொன்னது ஞாபகம் வந்தது. கிற்றாரின் கழுத்துக்குள் ஒரு இரும்புக் கம்பி ஓடுகிறது. கம்பிகள் இழுக்கிற இழுவைக்கு எதிராக அது கழுத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. இழுவை குறைந்தால் கழுத்து பின்பக்கம் வளையும். அந்த இரும்புக் கம்பியின் முனையில் உள்ள நட்டைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். அதற்கான சாவி கிற்றார்ப் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. அதுநாள் வரை நான் அதைப் பெட்டியின் பூட்டுச் சாவி என்றல்லவா நினைத்திருந்தேன்!

சாவியை நட்டில் மாட்டினேன். திருப்பும்போது கழுத்து ‘படக்’ என்று முறிந்தால்? பிலோ வாசலிலேயே கிழவியாகிவிடுவாளே! சைவப் பிள்ளையான நான் கொச்சிக்கடை அந்தோனியாருக்கு மெழுகுதிரி நேர்ந்தேன். கண்ணை மூடினேன். திருப்பவில்லை.

ரீற்றா அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. சேலைத் தலைப்பை விலக்கித் தன் கழுத்துத் தழும்பைக் காட்டினா. யாருக்கும் காட்டாத தழும்பு.

“என்ர கழுத்தையே வெட்டித் தைச்சவங்கள். நான் இருக்கிறன்தானே? இது ஒரு நட்டு. திருப்பு!”

திருப்பினேன். கால் சுற்றுத்தான். ஒன்றும் முறியவில்லை. சுருதி கூட்டி, கம்பி தாங்கும் கட்டையைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி, முதல் பிடியை வாசித்தேன். இரைச்சல் இல்லை. இருண்ட, கனத்த ஒரு நாதம். அக்கா அதோடு சேர்ந்து மெல்ல முனகினா. முதல் அடியின் உயரத்துக்கு ஏறினா. அங்கேயே நின்றா. ஜோர்ஜ் சிரிக்கவில்லை.

இன்றைக்கு எந்தக் கிற்றார்க் கடையிலும் கொடுத்தால் இந்த வேலையைச் சாயந்தரத்துக்குள் செய்து தருவார்கள். ஆனால் அந்த முன்னறையும், ராவிய தூளும், அந்த முனகலும்... அவற்றை எந்தக் கடையில் கேட்பது?

கல்யாணக் காலை வந்தது. வாசலில் பிலோ வெள்ளைச் சேலையும் முக்காடுமாக நின்றாள். நான் வாசித்தேன். ரீற்றா அக்கா முதல் அடியில் ஒரு தடவை திக்கினா, பிறகு முழுப் பாட்டையும் பாடி முடித்தா. பிலோ படி இறங்கினாள்.

கார் வரத் தாமதமாயிற்று. இன்னொன்று பாடச் சொல்லி எல்லோரும் கேட்டார்கள். அக்கா பாடினா. அந்தப் பாட்டு எனக்குத் தெரியாது. கிற்றாரை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.